78-வது டிகிரிக்கு எந்தப் பக்கம்?

‘அளந்து பேசலாம்’: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எங்கள் வட்டாரத்து வரைபட ஆர்வலர்களின் ஆண்டுக் கூடுகையைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, அங்கே போனால் வேலை கிடைக்குமா என்றுதான் கேட்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி: அப்பா நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவர். நான் 22 வருடம் ஜிஐஎஸ் கம்பெனிகளில், அதாவது வரைபடத்தையும் அதன் தரவையும் கணினியில் தயாரிக்கிற இடங்களில், உட்கார்ந்து அதே வேலையைப் பார்த்தவள்.

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. புவியியல் முடித்து எட்டு மாதம் ஆகிறது. அந்தக் கூடுகைக்குத் தோழி கூப்பிடுகிறாள். கம்பெனி ஸ்டால் எதுவும் கிடையாதாம், வெயிலில் தெருத் தெருவாகச் சுற்றுவார்களாம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்நூறு ரூபாய் ஆகும். “அந்தக் காசுக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போ” என்கிறார் அப்பா. என்ன செய்ய?
(கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அப்பா சொல்வதில் தப்பில்லை. அன்றைக்கே இன்டர்வியூ இருந்தால் அங்கேயே போங்கள். இல்லையென்றால் இங்கே வாங்க தாயி.

முதலில் இது என்ன கூட்டம் என்று சொல்லிவிடுகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு உலக வரைபடம் இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதை வரைகிறவர்கள் 2007-ல் மான்செஸ்டரில் முதன்முதலாக உலக அளவில் கூடினார்கள். 2018-ல் ஆசியக் கூடுகை பெங்களூரு ஐஐஎம்மிலேயே நடந்தது. எங்களுடையது அதற்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம். ஒரு கல்லூரி லேப், அறுபது எழுபது பேர், மதியம் எலுமிச்சை சாதப் பொட்டலம். காலையில் ஆளுக்கொரு தெருவைப் பிரித்துக்கொண்டு நடந்து, மருந்துக்கடை, ரேஷன் கடை, அடிபம்பு, எந்தச் சந்து முட்டுச்சந்து என்று குறித்துவருவோம். சாப்பிட்டுவிட்டு அதையெல்லாம் வரைபடத்தில் ஏற்றுவோம். கடைசியில் விருப்பப்பட்டவர்கள் ஐந்து ஐந்து நிமிடம் பேசலாம்.

போன வருடம் அப்படிப் பேச வந்தான் ஒரு பையன். செயற்கைக்கோள் படத்தை வைத்து அவன் ஊர்க் கண்மாயை அழகாக வரைந்திருந்தான். பச்சை, நீலம், வடக்கு அம்பு எல்லாம் சரியாக இருந்தது. ஓரத்தில் ‘பரப்பு: 0.0001’ என்று போட்டிருந்தது. பின்வரிசையில் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, இது ஏக்கரா, சென்ட்டா, குழியா?” என்றார். லேப்பே சிரித்தது. பையன் முகம் சுண்டிப்போயிற்று.

அவன் செய்தது புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற தப்புதான். அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருக்கிற படத்தில் அப்படியே பரப்பைக் கணக்குப் போட்டால் விடை ‘சதுர டிகிரி’யில் வரும். அந்த அளவில் பட்டா வாங்கவும் முடியாது, மடை திறக்கவும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவன் லேப்டாப்பை இழுத்து, படத்தை மீட்டர் கணக்குக்கு மாற்றினாள். கிட்டத்தட்ட 120 ஹெக்டேர் வந்தது, அதாவது முந்நூறு ஏக்கர். பெரியவர் தலையாட்டினார், “இப்ப சரி. ஆனா மே மாசப் படத்துல வரைஞ்சிருக்கே. கலுங்கு வரைக்கும் தண்ணி நிக்கும்போது வந்து பாரு.” அவனுடைய கோடு சீமைக்கருவேலம் முளைத்திருந்த இடத்தையெல்லாம் கரை என்று நினைத்து விட்டுவிட்டது.

இந்த இரண்டு திருத்தத்தையும் எந்த ஆன்லைன் கோர்ஸும் அவனுக்குச் சொல்லியிருக்காது. அந்தப் பெண் மதுரையில் ஒரு கம்பெனியில் டீம் லீட். அங்கே அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. மூன்றாவதாகப் போன இடத்தில் எடுத்தார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, “மதுரை எந்த யூடிஎம் ஜோன்?”

உங்களுக்கும் இது உதவும். மீட்டரில் அளப்பதற்காக உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக, ஆரஞ்சுச் சுளை மாதிரி பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுளையும் ஒரு யூடிஎம் ஜோன். 72 முதல் 78 டிகிரி கிழக்கு வரை 43-வது சுளை, 78 முதல் 84 வரை 44. நம் தலையெழுத்து, அந்த 78-வது கோடு தமிழ்நாட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகிறது. திண்டுக்கல் 43-ல், மதுரை 44-ல். ஈரோடு 43, கரூர் 44. உங்கள் கோவில்பட்டி 43, அங்கிருந்து தூத்துக்குடி போனால் 44. இதை மனப்பாடம் செய்தவர்களைவிட இதில் அடிபட்டவர்களுக்குத்தான் மறக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடிநீர்க் குழாய் வரைபடத்துக்கு 44 என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஆறு டிகிரி கிழக்கே தள்ளி, அத்தனை குழாயும் வங்காள விரிகுடாவில் போய் விழுந்தது. “மீனுக்குத் தண்ணி கனெக்‌ஷன் குடுத்தவ” என்று ஒரு வருடம் சொல்லிக்காட்டினார்கள்.

வரும்போது ரெஸ்யூமே வேண்டாம். உங்கள் ஊரை நீங்களே க்யூஜிஐஎஸ்ஸில் போட்ட ஒரே ஒரு வரைபடம் போதும். அந்த மென்பொருள் இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம், பத்து மீட்டர் துல்லியம். கண்மாய், ஊருணி வரைய அது போதும், வீடு வரையப் போதாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இன்றே கணக்குத் தொடங்கி உங்கள் தெருவைத் திருத்துங்கள். ஒவ்வொரு திருத்தமும் உங்கள் பெயரில், தேதியோடு நிற்கும். அதோடு எழுதுகிற குறிப்பை ‘திருத்தம்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். ‘நேரில் நடந்து பார்த்தது, பாலம் கட்டியபின் பாதை மாறியிருக்கிறது’ என்று எழுதுங்கள். ஆள் எடுக்கும்போது நான் சான்றிதழைப் புரட்டுவதற்கு முன்னால் அந்தக் குறிப்புகளைத்தான் படிப்பேன்.

கேள்வி: கூகுள் மேப் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?
(சேலம் வாசகர்)

பதில்: கூகுள் மேப்பைப் பார்க்கலாம், உள்ளே இருக்கிற தரவை அள்ளிக்கொண்டு போக முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெரு மூழ்கியது என்று மக்களே குறித்த வரைபடம் ஒன்று ஓடியது. அதற்கு அடியில் இருந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தெருக்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: கூகுளைப் பார்த்து இதில் நகல் எடுத்து எழுதக் கூடாது. எங்கள் கூடுகையில் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டால் அன்றைக்கு எல்லாருக்கும் டீ அவர் செலவு.

கேள்வி: மகன் சிவில் டிப்ளமா. அரசு நில அளவர் வேலைக்குப் படிக்கட்டுமா, தனியார் ஜிஐஎஸ் கம்பெனியில் சேரட்டுமா? அங்கே சம்பளம் ரொம்பக் குறைவு என்கிறார்கள்.
(விழுப்புரத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஐயா, குறைவு என்பது உண்மைதான். ஆரம்ப வேலை பெரும்பாலும் ‘டிஜிடைசிங்’. படத்தைப் பார்த்து ரோடு, கம்பி, கட்டடம் என்று வரைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை என்று டார்கெட் உண்டு, வெளிநாட்டு வேலை என்றால் நைட் ஷிஃப்ட்டும் உண்டு. நான் முதலில் சேர்ந்த இடத்தில் கோடு பத்துக்கு ஒரு தப்பு என்றால் அந்த நாள் கணக்கிலேயே சேராது. அங்கே மூன்று வருடத்துக்கு மேல் அதே நாற்காலியில் உட்கார விடாதீர்கள். தரப் பரிசோதனைக்கோ, கொஞ்சம் பைதான், எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டு தரவு வேலைக்கோ நகர வேண்டும்.

அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி நில அளவர், வரைவாளர் தேர்வு எழுதலாம். அறிவிக்கை வரும்போது தகுதிப் பகுதியை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். அது தினமும் வருகிற அறிவிக்கை இல்லை என்பதால், காத்திருக்கும் நேரத்தில் தனியாரில் இருப்பது நஷ்டமில்லை. இரண்டுக்கும் ஒரே அடிப்படைதான். புலப்படம், அதாவது ஒரு நிலத்தின் எல்லையும் அளவும் போட்ட அரசுப் படம் (எஃப்எம்பி), படிக்கத் தெரிந்தவனுக்கு ஜிஐஎஸ் பாதி வந்துவிட்டது. அதில் அளவுக்கு அடிப்படைக் கோடான ஜி லைன் எங்கே ஓடுகிறது, அதிலிருந்து எல்லைக்கல் எத்தனை மீட்டர் விலகியிருக்கிறது என்று பார்க்கப் பழகட்டும். உங்கள் நிலத்துப் படத்தையே அரசு இணையதளத்தில் எடுத்துக்கொடுங்கள். கையில் டேப்போடு வரப்பில் நிற்கவைத்தால் ஒரே நாளில் புரியும்.

டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், ஐஐஆர்எஸ், இலவசமாக ஆன்லைன் வகுப்பு நடத்துகிறது. சான்றிதழும் தருகிறது, சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திவிட்டது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் அளக்கலாம், வரையலாம். தெருவில் வண்டி ஓட்டிப் படம் பிடித்து அளக்கிற வேலை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும்தான். களத்துக்கு ஆள் தேவைப்படுவது அதனால்தான் கூடியிருக்கிறது.

கேள்வி: ஏஐ தானாகவே வீடுகளை வரைந்துவிடுகிறதாமே? இந்தத் துறைக்கு வருவது முட்டாள்தனமா?
(கோவையிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: வரைகிறது, தம்பி. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் இயந்திரம் வரைந்த கோடிக்கணக்கான கட்டடங்களை இலவசமாகவே வெளியிட்டுவிட்டன. கட்டடம் வரைவது மட்டுமே தெரியும் என்றால் கஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை.

ஆனால் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்து பாருங்கள். பட்டாசு ஆலைக்குள் சின்னச் சின்ன அறைகள் இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்று வெடித்தால் மற்றது தப்பிக்க வேண்டுமே. மேலிருந்து பார்த்தால் அழகான குடியிருப்பு. ஒரு கம்பெனி வேலையில் அதை வீடுகள் என்று எண்ணி, ஒரு வீட்டுக்கு நாலு பேர் என்று போட்டு, ஒரு கிராமமே இருப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். இயந்திரம் கூரையைச் சரியாகத்தான் வரைந்திருந்தது. ராத்திரி அங்கே விளக்கு எரியாது என்பது அதற்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தூத்துக்குடி உப்பளத்தில் கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியலையும் வீடு என்று வரைந்ததைத் திருத்தியிருக்கிறேன். இயந்திரம் வரைந்ததைச் சரிபார்க்கிற வேலைக்கு இப்போது ஆள் எடுக்கிறார்கள். நீங்கள் கோவைக்காரர். எது பஞ்சாலை, எது கோழிப்பண்ணை, எது கல்யாண மண்டபம் என்று கூரையைப் பார்த்தே சொல்லப் பழகுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் சர்வே படிப்புக்கு ஏதாவது பழைய பெருமை உண்டா? வகுப்பில் பேச வேண்டும்.
(பெயர் வேண்டாம் என்கிற பதினோராம் வகுப்பு)

பதில்: நிறைய. 1794-ல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம், நூறடிச் சங்கிலி, 57 நாள். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெருஞ்சர்வே அங்கிருந்துதான் கிளம்பியது. சித்திரை வெயிலில் அந்தச் சங்கிலியைத் தூக்கியவர்கள் பெயர் எதுவும் பாடப்புத்தகத்தில் இல்லை. வகுப்பில் அதையும் சேர்த்துச் சொல்லு.

கேள்வி: மகளுக்குக் களச் சர்வே வேலை கிடைத்திருக்கிறது. ஊர் ஊராகப் போய் ஜிபிஎஸ் கருவி வைக்க வேண்டுமாம். அனுப்பலாமா?
(தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்)

பதில்: அனுப்புங்கள் அம்மா, ஆனால் சேர்வதற்கு முன்னால் மூன்று கேள்வியை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கூட எத்தனை பேர் வருகிறார்கள், இருட்டிய பிறகு வண்டி யார் பொறுப்பு, தங்குமிடம் யார் ஏற்பாடு. “போகப் போகப் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். கம்பெனி அடையாள அட்டையோடு, ஊராட்சி அலுவலகத்தில் காட்ட ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளட்டும். முக்காலி நட்டதுமே ஊர் கூடிவிடும். “ரோடு அகலப்படுத்தப் போறீகளா, எங்க வீடு போயிருமா?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

இன்டர்வியூவில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம் வரை ஒதுங்க இடம் இருக்காது. தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்து நீர்க்கடுப்பு வந்து படுத்தவள் நான். எங்கள் கூடுகையில் காலை நடைக்குப் போகும் பெண்கள் இப்போது முதலில் குறிப்பது பொதுக் கழிப்பறையை. இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பூட்டியிருக்கிறதா, எந்த நேரத்துக்குத் திறப்பார்கள், உள்ளே தண்ணீர் வருகிறதா என்பதையும் சேர்த்துக் குறிக்கிறோம்.