சிறுநீர் கோலா நிறத்தில் போனால்

பயிற்சியாளர் படிப்பில் கூடப் படிக்கும் நண்பரை, ஆறு மாதமாக உடற்பயிற்சியே செய்யாதவர் என்று தெரிந்தும், முதல் நாளே 300 ஸ்குவாட் போட வைத்திருக்கிறீர்கள். இரண்டாம் நாள் அவருக்குத் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனது. வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்கள், நான்கு நாளில் சரியாகிவிட்டது. இது வழக்கமான தசைவலியா, என்னால் வந்த ஆபத்தா என்று கேட்கிறீர்கள்.

ஆபத்துதான். பெரும்பாலும் அது ராப்டோமயோலைசிஸ். பழக்கமில்லாத கடும் பயிற்சியில் தசை நார்கள் சிதைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரை அப்படிக் கருப்பாக்குவது அதுதான். அது சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். கூடவே வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கலாம்.

புதிதாகப் பயிற்சி செய்பவருக்கு வலி வருவது இயல்பு. மறுநாள் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த வலியோடு சிறுநீர் கருத்தால், அன்றைக்கே, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்ணீர் நிறையக் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. நிறம் மாறாமலே கூட இது வரலாம். அதனால் கை கால் விறைத்து வீங்கினாலோ, மாடிப்படி ஏற முடியாத அளவு பலம் போனாலோ அப்போதும் போய்க் காட்டுங்கள். கிரியேட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த மாத்திரை. இதில் எனக்குக் கோபமே வருகிறது. ஐபுபுரோஃபென், டைக்லோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அதையும் கொடுத்திருக்கிறீர்கள். பயிற்சியாளர் யாருக்கும் மாத்திரை கொடுக்கக் கூடாது, தம்பி. அது உங்கள் வேலை இல்லை.

நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். வலியோ வீக்கமோ இல்லாமல் முழங்கால் சொடுக்கினால் விட்டுவிடுங்கள். லாக்டிக் அமிலம் தசையில் தேங்கித்தான் மறுநாள் வலிக்கிறது என்று இணையத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அது பெரும்பாலும் வடிந்துவிடும். 220-இல் வயதைக் கழித்து வரும் உச்ச இதயத் துடிப்பு எண் வெறும் மதிப்பீடு. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே 10, 12 கூடக் குறைய இருக்கும். பயிற்சிக்கு நடுவே ஓரிரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், மிதமான பயிற்சிக்கு அதுவே போதும்.

புதிதாக வருபவருக்கு முதல் இரண்டு வாரம், இன்னும் செய்யலாமே என்று அவருக்கே தோன்றும்போது நிறுத்திவிடுங்கள். ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போதுதான் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, சிதைவு அதிகம் நடப்பதும் அப்போதுதான். அந்த வகைப் பயிற்சியை மெல்லக் கூட்டுங்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டுமே இந்த ஆபத்தைக் கூட்டும். வெயில் கடுமையாக இருக்கும் நாளிலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் இப்போது நன்றாக இருந்தாலும் இந்த வாரமே சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். நீங்களும் கூடப் போங்கள். எந்த மாத்திரை, எத்தனை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.