மாப்பிள்ளைக்காக ஒரு பட்டமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து ஒரு தாயாரின் கவலை இது. மகளுக்கு 18 வயது, எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டாள். நல்ல இடத்துச் சம்பந்தம் வந்திருக்கிறது. "கல்யாணத்துக்குப் பிறகு படிக்கட்டும், நாங்கள் தடுக்க மாட்டோம்" என்கிறார்கள். தனியார் கல்லூரியில் மருந்தியல் படிக்க வைத்தால் இதைவிடப் பெரிய இடம் அமையும் என்பது சொந்தக்காரர்கள் கணக்கு. மகளோ பழுதான மின் காற்றாடியையும் கைப்பேசியையும் பிரித்துப் பார்ப்பவள்.

அம்மா, உங்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் இந்த இரண்டு பேச்சிலும் உங்கள் மகளுக்கு என்ன வேண்டும் என்பதே வரவில்லை. மருந்தியல் பட்டம் மட்டும் நான்கு ஆண்டு, அதற்கு முன் அடிப்படைப் படிப்பு வேறு. பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதற்கும் போதாது. மீதிக்கு அப்பாவின் சேமநிதியில் கைவைப்பீர்கள். கடன் மகள் பெயரில் நிற்கும், தாலி ஏறினாலும் அது இறங்காது. அவளுக்குப் பிடிக்காத படிப்பைச் சீர்வரிசைபோல வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, புக்கிட் மின்யாக்கில், ஜே.எம்.டி.ஐ. இருக்கிறது, ஜப்பான்–மலேசியத் தொழில்நுட்பக் கழகம். மனிதவள அமைச்சின் கீழ் வரும் அரசுக் கழகம், கட்டணம் தனியார் கல்லூரிக்குப் பக்கத்தில்கூட வராது. மின்னணு, கணினி, மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்தது), உற்பத்தித் தொழில்நுட்பம் எனத் துறைகள் உண்டு. டிப்ளோமா மூன்று ஆண்டு. பாதிப் பொழுது பட்டறையில்தான்: சால்டரிங், சர்க்கியூட் வரைதல், ஆசிலோஸ்கோப் திரையில் மின் அலையைப் பார்த்துப் பழுது கண்டுபிடித்தல், தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கருவிக்கு நிரலெழுதுதல். பிள்ளைகள் தடுமாறுவது கையால் செய்யும் வேலையில் அல்ல, கணிதத்தில். ஆகவே சேரும் முன்பே இயற்கணிதத்தையும் ஓம் விதிக் கணக்குகளையும் மறுபடி போடச் சொல்லுங்கள். விண்ணப்பம் இணையவழி; எஸ்.பி.எம். முடிவுத் தாளைத் தயாராக வையுங்கள். நேர்காணல் வந்தால், தான் பிரித்துச் சரிசெய்த ஒரு பொருளைப் பற்றி அவளே மலாயில் விளக்கப் பழகட்டும்.

ஒரு எச்சரிக்கை. பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓவர்டைமோடு உடனே சம்பளம் என்று ஆப்பரேட்டர் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். டிப்ளோமா இல்லாமல் உள்ளே போனவள் டெக்னீசியன் ஆவது கடினம். படிக்க விடுப்பும் கிடைக்காது.

இராத்திரி ஷிப்டு பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். பெண்களின் இரவு வேலைக்கு இருந்த சட்டத் தடை 2023 சனவரி 1 முதல் நீங்கிவிட்டது. அன்றிலிருந்தே பேறுகால விடுப்பு 98 நாள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. நிறுவனப் பேருந்து வீட்டருகே வருகிறதா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

சம்பந்தத்தை முறிக்கச் சொல்லவில்லை. பையனை அவளுக்குப் பிடித்திருந்தால் நிச்சயம் செய்யுங்கள், முகூர்த்தம் டிப்ளோமாவுக்குப் பிறகு. அந்தத் தேதியை நிச்சயத்தன்றே இரு வீட்டுப் பெரியவர்கள் முன் சொல்லுங்கள். ‘பிறகு படிக்கட்டும்’ என்ற வாக்கு கெட்ட மனத்தால் உடைவதில்லை. முதல் குழந்தையும் கூட்டுக்குடும்ப வேலையும் வந்ததும் தானாக நழுவிவிடும். மூன்று ஆண்டு காத்திருக்க மாட்டோம் என்கிறவர்கள், பிறகு படிக்க விடுவார்கள் என்று எதை வைத்து நம்புவது?

மாதம் 2,500 வெள்ளி (ரிங்கிட்) சம்பாதித்தால், அவள் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடுமாக 600 வெள்ளி அவள் பெயரிலேயே சேமநிதியில் சேரும். சம்பளக் கணக்கு அவள் பெயரில் மட்டும் இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு வேண்டுமானால் இருவரும் சேர்ந்து இன்னொன்று திறக்கலாம். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, தேசியப் பதிவுத் துறையில் திருமணத்தைப் பதிய வேண்டும். பதிவு முடிந்த கையோடு சேமநிதிக்குப் புது வாரிசு நியமனத்தையும் அவளே போய்ப் போடட்டும்.