பட்டறை வைத்திருப்பவர்களே, உங்கள் கருவிகள் வீட்டில் என்ன பாடு படுகின்றன?

முதலில் ஒரு திருத்தம். கேள்வியில் "உங்கள் கருவிகள்" என்று இருக்கிறது. பட்டறையைத் தாண்டி வீட்டு வாசற்படி ஏறிவிட்டால் அவை என்னுடையவை அல்ல.

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு, அதற்குப் பூட்டு கிடையாது. பிரச்சினையே அந்தக் கதவுதான். மாம்பழ சீசனில் மாங்கூழ் ஆலைக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கும் தேய்ந்துபோன ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். வெளியே பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் காத்திருக்கும்போது மிஷின் நின்றுவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம். அந்த மாதங்களில் நான் பட்டறையை விட்டு நகர மாட்டேன், என் கருவிகளில் பாதி வீட்டை விட்டு நகராது.

எங்களிடம் இருந்த சாமான்கள் பலவும் கிருஷ்ணகிரி மாவட்டத்தைவிட வயதில் மூத்தவை. மாவட்டம் 2004-ல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அப்பா ஒவ்வொரு கருவியிலும் எழுத்துப் பஞ்ச் வைத்து எங்கள் இனிஷியலை அடித்து வைத்திருந்தார். யார் இரவல் வாங்கினாலும் கண்ணில் பட்டு உறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படி எழுத்து அடித்தும் ஒரு 18 அங்குல பைப் ரிஞ்சு அவர் காலத்திலேயே காணாமல் போனது. பழைய இரும்புக்காரர் மேல் சாகும்வரை சந்தேகப்பட்டார்.

சரி, கருவிகள் படும் பாட்டுக்கு வருகிறேன்.

எட்டு பவுண்டு சம்மட்டிக்குப் பிடி ஆடிக்கொண்டே இருந்தது. கருவேலங்கட்டையில் புதிதாக ஒன்று செய்து, வழவழவென்று தேய்த்து, எண்ணெய் பூசிச் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் காணோம். அடுப்படியில் அம்மா அதை வைத்துக் களி கிண்டிக்கொண்டிருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டுவது சமையலில் சேராது, அது கனரக வேலை. மாவு வெந்து இறுகும் நேரத்தில் கட்டி விழாமல் துடுப்பைச் சுழற்றுவதற்கு வேண்டிய பலம் ஒரு துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதற்கு வேண்டியதைவிடக் குறைவில்லை. எங்கள் பழைய துடுப்பு மெலிந்து, லேசாக வளைந்தும் போயிருந்தது. "இத்தன நாளா இந்த மாதிரி ஒண்ணத்தான்டா சாமி தேடிட்டிருந்தேன்" என்றார் அம்மா. நான் அதற்கு எண்ணெய் பூசியிருக்கிறேன் என்றேன். "அதான் ஒட்டாம வருது" என்றார். நல்ல வேளை, பூசியது தேங்காய் எண்ணெய்.

நியாயம் தெரிந்தவர், சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்குப் பழைய துடுப்பைக் கொடுத்து, "இத அதுல மாட்டிக்க" என்றார். நானும் மாட்டினேன். முதல் அடியிலேயே முறிந்து, சம்மட்டித் தலை பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. பக்கத்தில் நின்ற டிராக்டர்காரர் உடைந்த துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன மரம்?" என்று கேட்டார். சொன்னால் அடுத்த முறை வேலை கொண்டுவருவாரா? எட்டி மரம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது 10 நம்பர் ஸ்பேனர். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும், அந்த போல்ட்டோ வண்டியில் திரும்பின பக்கமெல்லாம் இருக்கும். அதனால் ஒரு நாளைக்குப் பத்து தடவை தேவைப்படும், பத்து தடவையும் இருக்காது. மூன்று 10-11 ஸ்பேனர் வாங்கினேன். மூன்றும் போகியன்று வீட்டைச் சுத்தம் செய்தபோது கிடைத்தன. ஒன்று குளியலறைக் கொண்டியில் தாழ்ப்பாளாகச் செருகியிருந்தது. இன்னொன்று தையல் மிஷின் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதைக் கொடிக்கயிற்றின் முனையில் கல்லுக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றையும் எடுத்து வந்துவிட்டேன். அன்று ராத்திரியே குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

நுணுக்கமாக அளவெடுக்கிற வெர்னியர் காலிபர் கதை கொஞ்சம் வேறு. அதைப் பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனது நான்தான், அனுபவித்ததும் நான்தான்.

கொழுந்தியாளுக்கு வளைகாப்பு. "எனக்கும் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிட்டு வாங்க, அளவுதான் தெரியுமே" என்றாள் மனைவி. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். தெரியாது என்று சொல்ல வாய் வருமா? அவள் அசந்த நேரம் பழைய வளையல் ஒன்றை எடுத்து உள்விட்டம் பார்த்தேன். 60.32 மில்லிமீட்டர். என் வெர்னியர் 0.02 வரைக்கும் காட்டும், தப்பே வராது. ஒரு சீட்டில் எழுதிப் பழையபேட்டைக் கடையில் நீட்டினேன்.

கடைக்காரம்மா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது போன் நம்பருங்களா? நமக்கு ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு. இதுல எதுன்னு சொல்லுங்கண்ணா."

கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்று கணக்குப் போட்டேன். ரெண்டு ஆறு என்றால் இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் ஆறு பங்கும். 2.375 அங்குலம். 25.4-ஆல் பெருக்கினால் 60.325 மில்லிமீட்டர். அச்சாக வந்தது! அதைவிடப் பெரிய ஆச்சரியம், ரெண்டு நாலுக்கும் ரெண்டு ஆறுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சரியாக ஒரு நூல். அங்குலத்துக்கு எட்டு நூல் என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே நூல். கம்பி விற்கிறவரும் ஆசாரியும் கொத்தனாரும் பேசுகிற அதே கணக்கில்தான் வளையல் கடையும் ஓடுகிறது. இத்தனை வருடம் இரும்பிலேயே புரண்ட எனக்கு இது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் விவரமாக விளக்கினேன். முழுவதையும் கேட்டாள். "அந்தம்மா கையப் பார்த்தே அளவு சொல்லுவாங்க. கட்டின பொண்டாட்டி கைக்கு உங்களுக்கு மிஷின் வேணும்" என்றாள். வளையல் என்னவோ கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கடைசியாக, ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் என் கருவிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, லேத்துக்கு மாலை போட்டு, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து முடித்தோம். அதற்கப்புறம் மறுநாள் காலை பூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது. அம்மா இதில் கறார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அடுப்படிக் குழாய் கழன்று விழுந்தது. மாடி டேங்க் முழுக்கத் தண்ணீர். வால்வை மூடலாம் என்றால் அதன் கைப்பிடி உடைந்து இரண்டு வருடமாகிறது, ரிஞ்சு போட்டுத்தான் திருப்புவேன். (ஊர் வால்வையெல்லாம் சரி செய்பவன் வீட்டு வால்வு அப்படித்தான் இருக்கும்.) நான் பட்டறைக் கதவுப் பக்கம் திரும்பினேன். அம்மா குறுக்கே நின்றார். "சாமி முன்னாடி வெச்சத எடுப்பியா?"

ஒரு கையால் குழாய்த் துளையில் துணியை அடைத்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டு வாத்தியாரிடம் பையனை ஓடவிட்டேன். ஓய்வு பெற்று ரொம்ப நாளாயிற்று, பழைய சாமான் எதையும் தூக்கிப்போடாத மனுஷர். அவரே ஒரு பெரிய பைப் ரிஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவியிடம் துணியைக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடி, வால்வைத் திருப்பித் தண்ணீரை நிறுத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டு ரிஞ்சைப் பார்த்தேன். 18 அங்குலம். துருவைக் கட்டைவிரலால் தேய்த்தால், அடியில் எங்கள் இனிஷியல்.

வாத்தியார் கீழே காத்திருந்தார். "அந்தக் காலத்து சாமான் தம்பி, இப்பல்லாம் இப்படிக் கிடைக்காது. வேலை முடிஞ்சதும் மறக்காம கொண்டாந்துடு. சில பேர் வாங்கிட்டுப் போனா திருப்பித் தர்றதே இல்ல."

"சரிங்க சார்" என்றேன். மறுநாள் காலை துருவைத் துடைத்து, எண்ணெய் போட்டு, விட்டுப்போன சந்தனம் குங்குமத்தையும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.