டாக்டர் அம்மாவிடம் கேளுங்கள்: கட்டிலைச் சுற்றி ஏன் இத்தனை மாணவர்கள்?

கேள்வி: என் அண்ணனைக் கரும்புத் தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. தாலுகா மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, சிறுநீரகம் பாதிக்கலாம் என்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே மாணவர்கள் மாறி மாறி வந்து ஒரே கதையைக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணன் பிழைத்து வீடு வந்துவிட்டார். ஆனால், ‘ஏழைகளை வைத்துத் தொழில் பழகுகிறார்கள், இனி அந்தப் பக்கமே போகக் கூடாது’ என்கிறார் அண்ணி. அவர் சொல்வது சரியா? – ஒரு வாசகி

பதில்: அண்ணன் வீடு வந்து சேர்ந்தாரே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

முதலில் அந்த ரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாது. இதைக் கண்டறிய 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். மருந்து ஏற்றிய பிறகும், ரத்தம் உறையத் தேவையான பொருள்களைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். அதனால்தான் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதே சோதனை. இடையில் சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கண் விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும். இரவு 2 மணிக்கு அந்த ஆள் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன்தான். ஐந்தரை ஆண்டுப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளை. அவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவருக்கு மேலே முதுநிலை மாணவர், உதவிப் பேராசிரியர், யூனிட் தலைவர் என்று வரிசையாக ஆட்கள் உண்டு.

ஒரே கதையை ஏன் பலர் கேட்கிறார்கள்? நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பாம்புக்கடியோடு வந்த ஒரு பெரியவர், கேட்டவர்களிடமெல்லாம் ‘நல்லா இருக்கேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவதாகப் போனவள் நான். அவர் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘காலையிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகலை தாயி, பொம்பளைப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்படுறாரு’ என்றார் அந்த அம்மா. அன்று மாலையே டயாலிசிஸ் தொடங்கினோம். நான்கு முறை கேட்டதை அன்றிலிருந்து நான் வீண் என்று நினைத்ததில்லை.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு அது இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான். அதோடு இணைந்த மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் தொடங்கியது முதல், கோரிப்பாளையம் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கும் கூட்டத்தில் இராமநாதபுரத்துக்காரர், திண்டுக்கல்காரர், விருதுநகர்க்காரர் எல்லோரும் இருந்திருக்கிறார்கள். அந்த மூன்று மாவட்டங்களுக்கும் சொந்தமாக அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022 ஜனவரியில்தான். தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அவையும் சேரும். அதற்கு முன் அந்தக் கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்த எத்தனையோ பேர், இப்படிப்பட்ட வார்டுகளில்தான் குழாயைச் சாய்த்துப் பார்க்கக் கற்றார்கள். உங்கள் அண்ணனுக்குத் தாலுகா மருத்துவமனையில் உடனே விஷமுறிவு மருந்து ஏற்றிய மருத்துவரும் ஏதோ ஒரு கட்டிலருகே நின்று கற்றவர்தானே!

ஆனால் ‘எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது தவறு. கூட்டம், வேலைப்பளு என்று அதற்குச் சாக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘ரத்தம் உறைகிறதா என்று பார்க்கிறோம்’ என்று சொல்ல அரை நிமிடம் போதும். என் மாணவர்களிடம் ஊசியை எடுக்கும் முன் வாயைத் திறந்து பேசுங்கள் என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. மாணவர்கள் பரிசோதிப்பதை வேண்டாம் என்று மறுக்க நோயாளிக்கு உரிமை உண்டு. அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ.விடம், எழுதிக் கொடுங்கள்.

இப்போது என் கவலை வேறு. கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு சில சமயம் நீடிக்கும். அண்ணியின் கோபத்தால் மறுபரிசோதனை தவறிவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தேதி கடந்திருந்தாலும் பரவாயில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவையும் சிறுநீரையும் பார்த்துவிடுங்கள். முகம் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அண்ணியையும் கூட்டிப் போங்கள். அவர் மனதில் உள்ளதை மருத்துவரிடமே கேட்கட்டும்.