பிரவுன்ஷ்வைக் கெர்ட்ரூட்: மூன்று மணங்கள், வாசகர் கேள்விகள்

கேள்வி: பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜெர்மானியப் பிரபுகுலப் பெண் கெர்ட்ரூட் மும்முறை மணந்தது அக்காலத்தில் பழிக்கப்பட்டதா?

பதில்: இல்லை. கைம்பெண் மறுமணத்தைத் திருச்சபை தடுக்கவில்லை. காட்லன்புர்க் பிரபு இரண்டாம் டீட்ரிஹ் 1085-இல் இறந்தார். அடுத்து மணந்த நார்ட்ஹைம் ஹைன்ரிஹ் 1101-இல் வடகடல் கரையோர மக்களான ஃபிரீசியரால் கொல்லப்பட்டார். மூன்றாமவரான ஐலன்புர்க் ஹைன்ரிஹும் 1103-இல் மாண்டார். ஆக, ஒவ்வொரு மணத்தையும் முடித்தது கணவரின் சாவுதான்.

கேள்வி: தமையனின் பதவியைப் பெற்ற ஐலன்புர்க் ஹைன்ரிஹையே எப்படி மணந்தார்?

பதில்: அங்கே பதவி வேறு, சொத்து வேறு. தமையன் இரண்டாம் எக்பெர்ட் பேரரசர் நான்காம் ஹைன்ரிஹை எதிர்த்துக் கலகம் செய்ததால், ஜெர்மனியின் கிழக்கிலிருந்த மைசன் எல்லைப்புறத்தின் ஆட்சி 1089-இல் ஐலன்புர்க் ஹைன்ரிஹுக்குப் போயிற்று. மறு ஆண்டே எக்பெர்ட் வாரிசின்றிக் கொல்லப்பட, பிரவுன்ஷ்வைக்கைச் சுற்றியிருந்த குடும்ப நிலங்கள் கெர்ட்ரூட்டிடம் வந்தன. பதவி ஒருவரிடமும் நிலம் ஒருவரிடமும் இருந்த நிலையில் இந்த மணம் இருவருக்குமே ஆதாயம் என்பது என் கணிப்பு. அந்த நிலங்கள் பின்னர் மகள் ரிச்சென்சாவுக்கும், அவர் கணவரும் 1133-இல் பேரரசராக முடிசூடியவருமான லோத்தாருக்கும், அவர்களுடைய மகள் வழியாக வெல்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபு குடும்பத்துக்கும் சென்றன.

கேள்வி: அவர் குழந்தையை மாற்றி வைத்தார் என்பது உண்மையா?

பதில்: அதைச் சொன்னவர் யார் என்று பார்த்தால் சந்தேகம் தானாக எழும். 1103-இல் கணவர் இறந்தபோது கெர்ட்ரூட் கருவுற்றிருந்தார். தந்தை மறைந்தபின் பிறந்த இரண்டாம் ஹைன்ரிஹ், மைசனுக்கு வாரிசானார். அந்தக் குழந்தை இல்லாதிருந்தால் உரிமை கோரியிருக்கக்கூடிய பங்காளி வெட்டின் கொன்ராட்தான், பிள்ளை மாற்றி வைக்கப்பட்டது என்று வாதிட்டவர். வளர்ந்த ஹைன்ரிஹ் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார். ஆனால் 1123-இல் ஹைன்ரிஹ் பிள்ளையின்றி இறந்ததும், விடுதலையான கொன்ராடை மைசனில் அமர்த்தியவர் வேறு யாருமல்லர், கெர்ட்ரூட்டின் மருமகன் லோத்தார். 1117-இலேயே இறந்துவிட்ட கெர்ட்ரூட் அதைக் காணவில்லை.

கேள்வி: அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ள ‘கெர்ட்ரூட் பலிபீடம்’ இவருடையதா?

பதில்: அன்று. அது இவருடைய பாட்டி, 1077-இல் இறந்த மூத்த கெர்ட்ரூட்டின் பெயரைத் தாங்கிய, கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பீடம். இளையவரின் சமயப்பணிகளைக் காண விரும்புவோர் பிரவுன்ஷ்வைக்கில் 1115-இல் நிறுவப்பட்ட புனித எகிடியன் மடத்தையும், இரண்டாம் கணவரோடு 1093-இல் தொடங்கிய பூர்ஸ்ஃபெல்டே மடத்தையும் பார்க்கலாம்.