கேம்ரிக்கு எந்த டயர்? பனியைப் பார்ப்பதா, மழையைப் பார்ப்பதா?

கேள்வி: வட கரோலினாவின் கேரி நகரில் வசிக்கிறேன். என் 2018 டொயோட்டா கேம்ரி எஸ்இ காரின் டயர்கள் தேய்ந்துவிட்டன. அளவு 235/45 ஆர்18 94வி. தினமும் ஐ-40 நெடுஞ்சாலையில் அலுவலகம் போய் வருகிறேன். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்துடன் நியூ ஜெர்சிக்குக் காரிலேயே போவோம். கடையில் சாதாரண ஆல்-சீசன், உயர்திறன் ஆல்-சீசன், பனிச்சின்னம் உள்ள ஆல்-வெதர் என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது? விலை குறைந்த ‘எச்’ குறியீட்டு டயர் போட்டால் தவறா?

பதில்: உங்கள் ஊரில் மழைக்குத்தான் டயர் வாங்க வேண்டும். கோடை மாலைகளில் இடியுடன் கொட்டித் தீர்க்கும் மழை, செப்டம்பரில் கரையேறி வலுவிழந்து வரும் புயல்களின் மிச்சம், அந்த நேரத்திலும் வேகம் குறையாமல் ஓடும் ஐ-40. உங்கள் காரின் நான்கு டயர்களும் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த இடத்திலிருந்து தண்ணீரை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதே உங்கள் டயரின் முதல் வேலை. ஆகவே என் தேர்வு உயர்திறன் ஆல்-சீசன்.

சாதாரண ஆல்-சீசன் டயர் நீண்ட ஆயுளையும் எரிபொருள் சிக்கனத்தையும் நோக்கிச் செய்யப்படுவது. உயர்திறன் வகையில் ரப்பர் கலவை பிடிப்புக்கு முன்னுரிமை தரும். பக்கச்சுவர் சற்று விறைப்பாக இருக்கும். அகலமான நீர்வாய்க்கால்கள் இருக்கும். ஈரச் சாலையில் பிரேக் அடிக்கும்போதும், சரிவுப் பாதையில் வளைந்து இறங்கும்போதும் வித்தியாசம் தெரியும். பதிலுக்கு, மைலேஜ் கொஞ்சம் குறையலாம். பயணம் சற்றுக் கடினமாகத் தோன்றலாம். டயரும் சீக்கிரம் தேயும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழையில் போகிறவருக்கு இந்த விலை அதிகமில்லை.

இப்போது பனிச்சின்னம். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பல ஆல்-சீசன் டயர்களில் காணும் எம்+எஸ் (சேறு, பனி) என்ற எழுத்துகள், பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், அமைந்திருக்கும் வடிவத்தை மட்டுமே வைத்துப் பொறிக்கப்படுபவை. மலைச்சின்னமோ ஒரு சோதனையில் தேறிய பிறகே கிடைக்கும். அந்தச் சோதனை அளப்பது, இறுகிய பனியில் டயரின் இழுவைத் திறனை. பிரேக் பிடிப்பையோ, வளைவில் நிற்பதையோ, உறைபனியையோ அது அளப்பதில்லை. 2005 ஜனவரியில் உங்கள் பக்கத்து ராலே நகரில் ஓர் அங்குலம்கூடப் பனி விழவில்லை. அது சாலையில் உறைந்து நகரமே ஸ்தம்பித்தது. பிள்ளைகள் பள்ளிகளிலேயே இரவைக் கழித்தார்கள். உங்கள் பகுதியின் குளிர்கால ஆபத்து அப்படிப்பட்ட கண்ணாடி போன்ற உறைபனி. மலைச்சின்னத்தை நம்பி அதில் இறங்காதீர்கள். அன்று கார் வீட்டிலேயே நிற்கட்டும்.

மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 போன்ற ஆல்-வெதர் டயர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் உறவினர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆண்டுக்கு ஒரு வாரப் பயணத்துக்காக மற்ற ஐம்பத்தோரு வாரங்களின் தேவையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

‘எச்’ டயர் பற்றிக் கேட்டீர்கள். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, வி என்றால் 240 வரை. அந்த வேகத்தில் நீங்கள் ஒருபோதும் போகப்போவதில்லை, உண்மைதான். ஆனால் அந்த எழுத்து, டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதையும் சொல்கிறது. ஆகஸ்ட் வெயிலில், முழுச் சுமையுடன், மணிக்கணக்கில் ஓடும்போது அந்தத் தாங்குதிறன் உதவும். உங்கள் காரின் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் வி டயரை வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தில் மேலே போகலாம்; கீழே இறங்காதீர்கள். 94 என்பது ஒரு டயர் தாங்கும் 670 கிலோவைக் குறிக்கும். அதிலும் இதே விதி.

பக்கச்சுவரில் இன்னொரு வரி இருக்கும்: ட்ரெட்வேர் 540, டிராக்‌ஷன் ஏ என்பது போல. டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைச் சொல்லும் அந்த எண்ணை அந்தந்த நிறுவனமே சோதித்து இட்டுக்கொள்கிறது. அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிட நம்ப முடியாது. டிராக்‌ஷன் தரம், ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டும் அளக்கிறது. டயர் தண்ணீரில் மிதந்துவிடுமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பெயர் சொல்லிக் கேட்டால் இரண்டு சொல்வேன். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, 45,000 மைல் உத்தரவாதத்துடன் வருகிறது. கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ், 50,000 மைல். உங்களுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். அதன் பட்டன் மேல் டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கும். தேயத் தேய முதலில் எஸ் மறையும்; இனி பனிக்கு அது போதாது. அடுத்து டபிள்யூ மறையும், மழைக்கும் போதாது. காருக்கு வெளியே நின்று குனிந்து பார்த்தாலே தெரிகிற இந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சட்டம் கேட்கும் அளவு மழைக்குப் போதாது. வட கரோலினாவின் வருடாந்திரப் பரிசோதனையில் பட்டன் ஆழம் 2/32 அங்குலம் இருந்தால் தேறிவிடலாம். ஒருமுறை என் கார் அப்படித் தேறியது. சில நாள் கழித்து நெடுஞ்சாலையில் பெருமழையில் ஸ்டீயரிங் திடீரெனக் கையில் எடையற்றுப் போனது. டயர் சாலையில் இல்லை, தண்ணீரின் மேல் இருந்தது. சில விநாடிகள்தான். அதன்பிறகு 4/32 அங்குலத்துக்குக் கீழே நான் எந்த டயரையும் ஓட்டியதில்லை. கால் டாலர் நாணயத்தை, அதிலுள்ள வாஷிங்டன் உருவம் தலைகீழாக இருக்கும்படி, பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் செருகுங்கள். தலையின் உச்சி முழுவதும் வெளியே தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நியூ ஜெர்சிப் பயணத்துக்கு ஒன்று. வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். கேரியில் 60 டிகிரியில் புறப்பட்டு 20 டிகிரியில் கண்விழித்தால் 4 பிஎஸ்ஐ போயிருக்கும். காலையில், கார் ஓடுவதற்கு முன், ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயரின் மேல் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பின்பற்றாதீர்கள்.

செலவைப் பார்த்து இரண்டு டயர் மட்டும் மாற்ற நேர்ந்தால், புதியவை பின்னால் போக வேண்டும். முன்சக்கரங்கள் இழுக்கும் காரானாலும் அப்படித்தான். ஈரத்தில் பின்புறம் சறுக்கினால் காரை மீட்பது மிகக் கடினம். கடைக்காரர் மாட்டத் தொடங்கும் முன் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் எண்களில் கடைசி நான்கைப் படியுங்கள். 1425 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேளுங்கள்.