செடிகளை வைத்துத் தண்ணீரில் கலந்த கதிரியக்கத்தை அகற்ற முடியுமா? எங்கள் ஊருணியில் ஆகாயத்தாமரை விட்டால் போதுமா?

முடியும். ஆனால் அது அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் கடற்கரையோரம், திருப்புல்லாணிப் பக்கம். ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அம்மா தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் நாலு சுற்று உரசிவிட்டு ஊற்றி வைப்பார். விடிந்து பார்த்தால் மேலே பளிங்குத் தண்ணீர், அடியில் வண்டல். வண்டலைத் தென்னைக்கு ஊற்றிவிடுவோம்.

தேத்தாங்கொட்டை கலங்கலைத்தான் பிடிக்கும். கரைந்திருப்பதை இழுக்க வேர் வேண்டும். அணு உலை விபத்தில் தண்ணீரில் கலக்கிற கதிரியக்கப் பொருள்களில் முக்கியமானவை சீசியமும் ஸ்ட்ரான்சியமும். சீசியம் பார்வைக்குச் செடி தேடுகிற பொட்டாசியத்தின் பங்காளி, ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் பங்காளி. வேர் ஆள் தெரியாமல் உள்ளே விட்டுவிடும். 1990களில், அணு உலை வெடித்த செர்னோபில் அருகே ஒரு குளத்தில் மிதவைகளில் சூரியகாந்தி வளர்த்து, வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டு இதைச் செய்து பார்த்தார்கள். நன்றாகவே இழுத்தது. அதே சூரியகாந்தியை 2011-ல், அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமாவில் வயலில் நட்டபோது, மண்ணிலிருந்த சீசியத்தில் 2000-ல் ஒரு பங்குதான் செடிக்குள் வந்தது. களிமண் சீசியத்தைக் கவ்விக்கொண்டால் லேசில் விடாது.

சரி, இழுத்துவிட்டது. அப்புறம்? இந்தச் செடியைத் தென்னைக்குப் போட முடியாது. ஆடு தின்றால் பாலில் வரும், எரித்தால் சாம்பலில் நிற்கும். சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். காயவைத்துச் சுருக்கி, கதிரியக்கக் கழிவாகவே பூட்டி வைக்க வேண்டும். குளம் முழுக்கப் பரவிக் கிடந்ததைச் சில பீப்பாய்களுக்குள் அடக்கலாம் என்பதுதான் லாபம். சின்ன லாபம் இல்லை.

நம் கரையில் இன்னொரு தொல்லை, உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் துளி சீசியத்தை வேர் எங்கே தேடும்? அதற்கு முன்னால் சூரியகாந்தியே கருகிவிடும். நம் பெண்கள் மூழ்கி எடுக்கிற கட்டக்கோரைக் கடற்பாசியிலுள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளுக்கு ஸ்ட்ரான்சியத்தைப் பிடிக்கிற குணம் உண்டு. ஆனால் கடலில் கால்சியமும் ஏறக்குறைய அதே 400 இருப்பதால் அங்கேயும் தள்ளுமுள்ளுதான். ஃபுகுஷிமா உலைகளில் தேங்கிய தண்ணீருக்குச் செடியை நம்பவில்லை. சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் நிரப்பிய தொட்டிகள் வழியாகத்தான் சீசியத்தை வடித்தார்கள்.

ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாங்க. ஒரு மழைக்காலத்தில் ஊருணியை மூடிவிடும். எங்கள் பக்கத்து ஊரில் யாரோ விட்டதை இன்னும் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.